நாலு நாலு, நடுவில் மூன்று

"எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி இந்த நாலு நிமிஷம் இவ்வளவு நீளமா இருக்கு?" என்று பதினொன்றாம் நம்பர் பிள்ளை கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் சிரித்துக்கொண்டே கோட்டுக்குப் போய்விட்டாள். நான் விசில் ஊதினேன், நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கினேன், ஒன்பது பேரும் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் காதில் இடறுகிறது. நிமிஷம். நாலு நிமிஷம் என்று ஏன் சொன்னாள். நாலு சுற்று அல்லவா. நான் போட்ட சின்ன வட்டத்தில் நாலு சுற்று வேகமாக ஓட வேண்டும், மூன்று நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும், மறுபடி நாலு சுற்று, அப்படி நாலு தடவை. வாய் தவறிச் சொல்லியிருப்பாள். பிள்ளைகள் அப்படித்தான், சுற்று என்பார்கள், நிமிஷம் என்பார்கள், ரவுண்டு என்பார்கள். இரண்டாம் நம்பரின் நீல ஷூ கோட்டைத் தாண்டுகிறது, நோட்டில் ஒரு கோடு. ஐந்து, ஒன்பது, பத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பதினொன்றின் ஷூ வெள்ளை, இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்தது, அது இன்னும் அந்தப் பக்கத்து உடைமரத்தடியில் வருகிறது. இந்தப் பிள்ளைகளை எனக்கு ஷூவை வைத்துத்தான் தெரியும். பெண்கள் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் மார்க்கராக இருக்கிறவன் கண்ணைத் தரையில் வைத்துப் பழகிவிட்டான். மார்க்கர் என்றால் மைதானத்துக்குத் தண்ணீர் விடுவது, சுண்ணாம்பால் கோடு போடுவது, வலை கட்டுவது, போட்டி நாளில் மணி அடிப்பது. எல்லாம் தரையைப் பார்த்துச் செய்கிற வேலைதான். முகத்தைப் பார்த்துப் பேசுவது என் சுபாவத்தில் இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் அவள் நாலு நிமிஷம் என்றுதான் சொன்னாள். நன்றாகக் கேட்டது. இதோ பதினொன்று வருகிறாள், ஒரு கோடு. கடிகாரம் ஒரு நிமிடம் பதினாறு விநாடி. இரண்டாம் நம்பர் அதற்குள் அடுத்த சுற்றில் பாதி போய்விட்டாள்.

முதல் நாள் உடற்கல்வி திலகவதி மேடம் என்ன சொன்னார்கள். அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது, நான் எதையும் மறப்பதில்லை, மறந்துவிடுவேனோ என்று பயப்படுகிறவன் மறப்பதில்லை. பன்னிரண்டு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை, காலை ஆறே கால் மணி, இதே இடம். இருபத்து நாலு பிள்ளைகளை நிறுத்தி, "உடம்பு எடை கூடுன பிள்ளைகளுக்கு விடாம நடக்கிறது நல்லதா, விட்டு விட்டு வேகமா ஓடுறது நல்லதா, அதத்தான் பாக்கப் போறோம்" என்றார்கள். மேடத்தின் பட்டத்துக்கான ஆராய்ச்சி அது. எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. முடியும்போது மறுபடி எடுப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பேருக்கு வெள்ளை பனியன், பன்னிரண்டு பேருக்கு மஞ்சள். வெள்ளை பெரிய மைதானத்தில் முப்பது நிமிடம் நிற்காத வேக நடை, அதற்குத் தொடக்கத்தில் ஒரு விசில், முடிவில் ஒரு விசில், மேடமே கூட நடப்பார்கள். மஞ்சளுக்குத்தான் எண்ணிக்கை வேண்டும், அது என் பொறுப்பு. "மார்க்கர் அண்ணாச்சி, நாலு நாலு, நடுவுல மூணு. சுற்று முடிஞ்சதும் விசில் குடுத்திருங்க. உங்கள மாதிரி கணக்கா யாரும் பாக்க மாட்டாங்க." இவ்வளவுதான். இதில் நிமிஷம் எங்கே இருக்கிறது. நடுவில் மூன்று என்றதை நான் நிமிஷம் என்று எடுத்துக்கொண்டேன், நடப்பதற்கு நிமிஷம்தானே சொல்வார்கள். ஓடுவதற்குச் சுற்று. சுற்று முடிஞ்சதும் என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். முந்தின வாரமே, பிள்ளைகள் ஓட ஒரு சின்ன வட்டம் போட்டுத் தாருங்கள் என்று கேட்டு, நூற்றிருபது மீட்டர் நூல் பிடித்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். வட்டம் போடச் சொன்னவர்கள் சுற்று என்றால் அந்த வட்டம்தானே. அன்றைக்கு மேடம் பக்கத்தில் நின்று அவர்கள் கடிகாரத்திலும் பார்த்தார்கள். இரண்டாம் நம்பர் முதலாவதாக நாலு சுற்றை முடித்தபோது மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. "கரெக்டா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெள்ளையோடு நடக்கப் போய்விட்டார்கள். கரெக்டா இருக்கு. எது. நான் நாலு சுற்றுக்குக் கரெக்ட் என்று கேட்டேன். அவர்கள் நாலு நிமிஷத்துக்குக் கரெக்ட் என்று சொல்லியிருந்தால். இல்லை, அப்படி இருக்காது. இரண்டாம் நம்பர் முடித்துவிட்டாள், மூன்று இருபத்தைந்து, எழுது. இனி மூன்று நிமிடம், கடிகாரம் ஆறு நிமிடம் இருபத்தைந்து விநாடி காட்டும்போது விசில்.

அவர்கள் ஒவ்வொருவராக முடித்து, கோட்டுக்கு உள்பக்கம் மெதுநடை நடக்கிறார்கள். பதினொன்று மட்டும் இன்னும் வட்டத்தில். இது முப்பத்தாறாவது நாள், கடைசி நாள். வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு வாரம். பதினொன்று ஒரு நாள்கூட விட்டதில்லை. மழை பெய்த நாளில் சேற்றோடு வந்தாள். முப்பத்தாறையும் முடித்தவர்களைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள், இன்று பாதியில் நின்றால் போன முப்பத்தைந்தும் இல்லை. இதோ முடிக்கிறாள், ஐந்து நிமிடம் ஐந்து விநாடி. எழுதுகிறேன். யாரும் என்னிடம் ஆள் ஆளுக்கு நேரம் எழுதச் சொன்னதில்லை, சுற்று சரியா என்று பார்த்தால் போதும் என்றார்கள், கேட்காததையும் எழுதி வைப்பது என் பழக்கம். "ஏட்டி, வந்துட்டியா, நாங்க இங்க காப்பி குடிச்சு முடிச்சிட்டோம்" என்கிறாள் இரண்டாம் நம்பர். "குடிங்க, குடிங்க. எனக்கு ரெண்டு வடையும் சேத்துச் சொல்லு" என்கிறது பதினொன்றின் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஐந்து ஐந்தில் வந்தாள். விசில் ஆறு இருபத்தைந்தில். ஆறு இருபத்தைந்தில் ஐந்து ஐந்து போனால் ஒன்று இருபது. மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் நடை, இவளுக்கு ஒரு நிமிடம் இருபது விநாடி. இது எனக்குத் தெரியாததா. முப்பத்தைந்து நாளாக இந்த எண்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. மெதுவாக ஓடுகிறவளுக்கு ஓய்வு குறையும், அது ஓட்டத்தின் வழக்கம் என்று இருந்துவிட்டேன். ஆனால் அது நாலு நிமிஷம் என்றால், அவள் நாலாவது நிமிஷத்தில் எங்கே இருந்தாளோ அங்கேயே நின்றிருக்கலாம். எல்லாரையும் போல மூன்று நிமிடம் நடந்திருக்கலாம். ஆறு இருபத்தைந்து. விசில் என் வாயில்தான் இருக்கிறது, ஊதிவிட்டேன், பழக்கம் ஊதிவிட்டது. இரண்டாவது தடவை. அவள் ஷூ கடைசியாகத் திரும்புகிறது.

சுற்று. அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நாணயத்தில் எந்தப் பக்கம் தலை என்று பார்க்கிற மாதிரி. மைதானத்தைச் சுற்றுவது சுற்று. கோயிலைச் சுற்றுவது சுற்று. முறுக்கில் எத்தனை சுற்று என்று வீட்டில் எண்ணுவார்கள். தலையைச் சுற்றுகிறது என்றால் அது வேறு. அப்படியே இருந்துவிட்டால் நிம்மதி. ஆனால் போட்டி நாளில் பலகையில் எழுதுகிறவன் யார், நான்தான். கபடி, இரண்டாம் சுற்று. பூப்பந்து, காலிறுதிக்கு முந்தின சுற்று. என் கையாலேயே சுண்ணக்கட்டியில் எத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன். கபடியில் யார் மைதானத்தைச் சுற்றுகிறார்கள். அங்கே சுற்று என்றால் ஒரு தடவை, ஒரு ஆட்டம், தொடங்கி முடிகிற ஒரு துண்டு. மேடம் சொன்னது அந்தச் சுற்று. ஓடுகிற ஒரு துண்டு, நாலு நிமிஷத் துண்டு, முடிந்ததும் விசில். நாலு துண்டு, ஒவ்வொன்றும் நாலு, நடுவில் மூன்று. நாலும் நிமிஷம், மூன்றும் நிமிஷம். எண்கள் எல்லாம் ஒரே ஜாதி. நான்தான் ஒன்றை நிமிஷமாகவும் ஒன்றைச் சுற்றாகவும் பிரித்து வைத்தேன். படித்த ஆளாக இருந்திருந்தால் கேட்டிருப்பான், அம்மா, நாலு என்றால் நாலு என்ன என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கேட்கக் கூச்சப்பட்டான், கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும். கணக்கா யாரும் பாக்க மாட்டாங்க என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது. அந்த ஒரு பாராட்டு வாயை அடைத்துவிட்டது. கோடு, கோடு, பத்தாம் நம்பருக்குப் போட்டேனா, போட்டேன். மனசு எங்கே போனாலும் கை தன் வேலையைச் செய்கிறது. அது ஒரு ஆறுதலா, பயமா, தெரியவில்லை. முப்பத்தைந்து நாள் கை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தப்பானதைச் சரியாக.

பெரிய மைதானத்தில் வெள்ளைப் பிள்ளைகள் ஒரே சீராக நடந்து என் பக்கம் கடக்கிறார்கள், பேச்சும் சிரிப்புமாக. அவர்களோடு மேடம், இன்று மேடத்தின் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி வழிகாட்டிச் சார். கடைசி நாளைப் பார்க்க வந்திருக்கிறார், பழுப்பு நிறத் தோல் ஷூ, மைதானத்தில் தோல் ஷூ போட்டு நடக்கக் கூடாது, யார் சொல்வது. அவர்கள் பேச்சு காற்றில் வருகிறது. "மஞ்சள்ல மூணு பேர் பாதியில நின்னுட்டாங்க சார். வெள்ளையில ஒருத்திதான், அதுவும் கல்யாணம் நிச்சயமாயிட்டு." "அப்ப அதுவே ஒரு முடிவுதானேம்மா. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு விட்டு விட்டு ஓடுற இடைவெளிப் பயிற்சி தாங்காது, விட்டுட்டுப் போயிருவாங்க. அத நல்லா அழுத்தி எழுதுங்க." கடந்து போய்விட்டார்கள். மூன்று பேர். மூன்று, ஏழு, பன்னிரண்டு. ஏழின் ஷூ கறுப்பு, வெள்ளிக் கோடு. மூன்றாம் நம்பருக்கு, செருப்புத் தைத்த மாதிரித் தையல் போட்ட ஒரு பழைய கேன்வாஸ். பன்னிரண்டு எப்போதும் லேஸைக் கணுக்காலில் சுற்றிக் கட்டுவாள். மூன்று பேரும் யார். கடைசியாக வந்தவர்கள். நின்றவர்கள் எல்லாரும் மெதுவாக வந்தவர்கள், மெதுவாக வந்தவர்களில் மிச்சம் பதினொன்று ஒருத்திதான். நோட்டைப் பின்னால் புரட்டுகிறேன், புரட்டவும் வேண்டும், ஷூவையும் பார்க்க வேண்டும். எட்டாம் நாள், ஏழாம் நம்பர். ஆறு பத்து, ஆறு இருபது, ஆறு நாற்பது, ஆறு ஐம்பது. கூட்டினால் இருபத்தாறு நிமிடம். பதினாறு ஓட வேண்டியவள் இருபத்தாறு ஓடியிருக்கிறாள். அன்றைக்கு மூன்றாவது தடவை அவள் முடித்தபோது ஆறு நாற்பது, நான் விசில் ஊதியது ஆறு ஐம்பத்தைந்து. பதினைந்து விநாடி. பதினைந்து விநாடி நடக்க விட்டு மறுபடி ஓடு என்று ஊதியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் இரண்டாவது தடவையோடு உட்கார்ந்துவிட்டாள். இந்த உடைமரத்தடியில்தான். தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்டது, "நாலு நிமிஷங்கூட என்னால ஓட முடியலட்டி. எல்லாரும் ஓடுதாங்க. என் உடம்பு அவ்வளவுதான்." நாலு நிமிஷம். அன்றைக்கே சொன்னாள். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அவள் அழுதாளோ என்னவோ, நான் முகத்தைப் பார்க்கவில்லை, வெள்ளிக் கோடு போட்ட கறுப்பு ஷூ வாசலைப் பார்த்துப் போனதைப் பார்த்தேன். இரண்டாம் நம்பர் முடித்தாள், மூன்று முப்பது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன், அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. முதல் நாள் இரண்டாம் நம்பருக்கு நாலு நிமிடம் ஆயிற்று. இப்போது மூன்று முப்பது. மூன்று நிமிடக் கடிகாரத்தை நான் முதலில் முடிப்பவளிடமிருந்துதான் தொடங்குகிறேன். முதலில் வருகிறவள் வேகமாக ஆக ஆக, அடுத்த விசில் முன்னால் வருகிறது, கடைசியில் வருகிறவளின் ஓய்வு அந்த அளவுக்குக் குறைகிறது. பதினொன்று கஷ்டப்பட்டு ஆறு பத்திலிருந்து ஐந்துக்கு வந்தாள், ஒரு நிமிடத்துக்கு மேல் சேமித்தாள். நான் அதில் பாதியை அந்தப் பக்கமாக எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எல்லாருக்கும் நாலு நிமிஷம்தான், தனக்கு மட்டும் அது நீளம் என்று. மேடம் இவர்களிடம் நாலு நிமிஷம் என்றிருப்பார்கள், நான் நாலு சுற்று என்றேன், கையில் கடிகாரம் இல்லாத பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. அதைச் சிரித்துக்கொண்டு கேட்கிறாள். ஐந்து பதினைந்து, வந்துவிட்டாள். இந்த முறை வடை கேட்கவில்லை. இரண்டு கையும் இடுப்பில். ஆறு முப்பதுக்கு விசில், ஒன்று பதினைந்துதான் இவளுக்கு. ஊதாதே என்று ஒரு மனசு. ஊதாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் மேடத்தின் பன்னிரண்டு வாரம், விடியக்காலையில் எழுந்து வந்த இத்தனை பிள்ளைகளின் பன்னிரண்டு வாரம், சென்னையிலிருந்து வந்திருக்கிற தோல் ஷூவுக்கு முன்னால் மேடம் தலைகுனிந்து நிற்பது. இன்னும் இரண்டே தடவை. முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, நோட்டை யாரும் கேட்டதில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் மூவாயிரம் மீட்டரில் கடைசிச் சுற்று மணியை ஒரு சுற்று முன்னதாக அடித்துவிட்டேன். முன்னால் வந்த பிள்ளை இருந்த தெம்பையெல்லாம் போட்டு ஓடி வந்து கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினாள், இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்றார்கள். அவள் பாதையிலேயே உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. மணியைப் பார்த்தாள். அன்றிலிருந்துதான் நான் ஒவ்வொரு காலுக்கும் கோடு போடுகிறவன். இனி ஒரு சுற்றுகூடத் தப்பாது என்று இருந்தேன். ஒரு சுற்றும் தப்பவில்லை. ஆறு முப்பது. ஊதிவிட்டேன்.

மூன்றாவது தடவை. வெயில் கல்லூரிக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டது, சுண்ணாம்புக் கோடு கண்ணைக் கூசுகிறது. விடுதியிலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை. பதினொன்று காலையில் ஏதாவது சாப்பிட்டிருப்பாளா. ஒரு வாழைப்பழம் தின்று வரச் சொல்லி மேடம் சொல்லியிருக்கிறார்கள், பாதிப் பேர் தின்பதில்லை. ஷூ சத்தம் மாறிவிட்டது. எனக்கு அவள் ஷூ சத்தம் தெரியும், டப் டப் என்று ஒரு சீராக இருக்கும், இப்போது ஒரு கால் இழுக்கிறது, டப், சர், டப், சர். விழுந்துவிட்டால். எடை கூடின உடம்பு, ஓய்வு இல்லாமல் ஓடுகிறது, என் விசிலை நம்பி ஓடுகிறது. அண்ணாச்சி கணக்காத்தான் ஊதுவாங்க என்று நம்பி. நாலு நிமிஷம் ஆகிவிட்டது. இந்த விநாடியில் விசில் ஊத வேண்டும், இதுதான் உண்மையான விசில், முப்பத்தாறு நாளாக ஊதாமல் விட்ட விசில். வாயில் இருக்கிறது. பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறேன், பிளாஸ்டிக்கின் கசப்பு. மற்ற எட்டுப் பேரும் முடித்துவிட்டார்கள், இப்போது ஊதினால் அவள் ஒருத்திக்காக ஊதின மாதிரி ஆகும், முடியாதவளை நிறுத்தின மாதிரி. தோல் ஷூ அந்த முனையில் திரும்பி இந்தப் பக்கம் வருகிறது. நாலு பத்து, நாலு இருபது. இல்லை. ஊதவில்லை. அவள் மூன்றாவது சுற்றுக் கோட்டைத் தாண்டும்போது முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கிறேன். வட்ட முகம், கன்னம் இரண்டும் செங்கல் நிறம், உதடு மட்டும் வெளுத்து. நெற்றியில் வேர்வையில் கரைந்த திருநீறு இல்லை, கழுத்தில் ஒரு சிறிய சிலுவை குதித்துக்கொண்டிருக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையில் என் கோட்டைத்தான் பார்த்து ஓடுகிறாள். ஐந்து நாற்பது. முடித்தாள். கூட்டுகிறேன். ஐந்து ஐந்து, ஐந்து பதினைந்து, ஐந்து நாற்பது. பதினாறு நிமிடம். சரியாகப் பதினாறு, ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாலு தடவையில் ஓட வேண்டியதை அவள் மூன்று தடவையில் ஓடி முடித்துவிட்டாள்.

ஆறு முப்பத்திரண்டு. விசில் நேரம். ஊதவில்லை. ஆறு நாற்பது, ஏழு. எட்டு ஜோடி ஷூவும் கோட்டில் வந்து நின்று தாளம் போடுகின்றன. "அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?" என்கிறாள் இரண்டாம் நம்பர். "கடைசி நாளுல்லா, அண்ணாச்சிக்கு நம்மள விட மனசு வரல" என்கிறாள் ஒன்பது. மைதானத்தின் அந்த முனையிலிருந்து மேடத்தின் குரல், "என்ன அண்ணாச்சி, ஏதும் பிரச்சனையா?" முப்பத்தாறு நாளில் ஒரு விசில்கூடப் பிந்தியதில்லை. நான் கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறேன். பதினொன்றுக்கு எட்டு நாற்பது வரை நடை இருக்கிறது, அதை நான் கொடுப்பேன், ஒரு தடவையாவது கொடுப்பேன். அவள் தலை குனிந்து நடந்து என் பக்கம் வருகிறாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன், "எம்மா, உனக்குப் போதும். உனக்கு முடிஞ்சிட்டு. நீ ஓட வேண்டாம்." ஷூ நின்றுவிட்டது. "என்ன அண்ணாச்சி?" "நாலாவது தடவ உனக்கு வேண்டாம். முடிச்சதாத்தான் எழுதுவேன்." "என்னால முடியாதுன்னு பாக்கீங்களா" என்கிறாள், மெதுவாக, சிரிப்பில்லாமல். "வடிவு போனா, பரீதா போனா, ஷைனி போனா. இப்ப என்னையுமா? ஓடாம ஓடுனதா எழுதுவீங்களோ? நான் என்ன ஊனமாயா போனேன்?" இல்லையம்மா, அது இல்லை, என்று சொல்ல வேண்டும். வாய் வரை வருகிறது. எப்படித் தொடங்குவது. சுற்று என்றால் என்று தொடங்க வேண்டும், எட்டு நாற்பது ஆகிவிட்டது, அவள் ஏற்கெனவே கோட்டில் போய் நிற்கிறாள், எட்டுப் பேருக்கும் பின்னால் இல்லை, முன்னால். ஊதினேன்.

அவளை நிறுத்தியிருக்கலாம், விசிலை ஊதாமல் இருந்திருக்கலாம், இரண்டும் செய்யவில்லை. என் கூச்சத்துக்கு அவள் உடம்பு கூலி கொடுக்கிறது. வடிவு, பரீதா, ஷைனி. பெயர்கள். மூன்றும் ஏழும் பன்னிரண்டும் இல்லை. எந்தப் பெயர் எந்த ஷூ என்று தெரியவில்லை. ஒரு சுற்று. எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், அவள் கடைசியாகிவிட்டாள், ஆனால் கால் இழுக்கவில்லை. அந்த மூன்று நிமிட நடை. ஒரே ஒரு தடவை முழுசாகக் கிடைத்த மூன்று நிமிடம், அதற்கே கால் இழுப்பு நின்றுவிட்டது. டப், டப், டப். இது தாங்காது என்று எழுதப் போகிறார்கள். தாங்காது என்று எழுதி, அச்சடித்து, அதைப் படித்து இன்னொரு ஊரில் இன்னொரு மேடம் எடை கூடின பிள்ளைகளைப் பார்த்து, உங்களுக்கு இது வேண்டாம், நீங்கள் நடந்தால் போதும் என்பார்கள். ஒருவேளை நடப்பதுதான் நல்லதோ என்னவோ, அது எனக்குத் தெரியாது, அதைத்தான் இவர்கள் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். ஆனால் இவர்கள் தாங்காமல் போனது அதை இல்லை. என்னை. இரண்டு சுற்று. நாலு நிமிடம் ஆனதும் ஊதட்டுமா, வேண்டாம், இந்தத் தடவை அவள் நாலு சுற்றை எண்ணி ஓடுகிறாள், நடுவில் ஊதினால் மறுபடி அந்த மணி ஆகிவிடும். மூன்று சுற்று. எல்லாரும் முடித்து நின்று, யாரும் சொல்லாமலே கைதட்டத் தொடங்குகிறார்கள். "வா பிள்ள, வா, வடை ஆறுது" என்று இரண்டாம் நம்பர் கத்துகிறாள். நான் நோட்டைப் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கிறேன், வருகிற வரை பார்க்கிறேன். நாலு. ஐந்து இருபது.

அவள் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறாள், வேர்வை சுண்ணாம்பில் சொட்டுகிறது. "எழுதுங்க" என்கிறாள், "ஓடிட்டேன்னு எழுதுங்க." "எழுதிட்டேம்மா. அஞ்சு இருவது." "என்னது?" "அஞ்சு நிமிஷம் இருவது விநாடி." நிமிர்கிறாள். "நாலு நிமிஷம்லா?" "நாலு நிமிஷம் ஓடச் சொல்லிருக்காங்க. நான் நாலு வட்டம் ஓட விட்டுட்டேன். சுத்துன்னா வட்டம்னு நெனச்சிட்டேன்." சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன வாக்கியமா அது. அவள் என் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொள்கிறாள், யாரும் அதைத் தொட்டதில்லை, ஈரக் கையால் புரட்டுகிறாள், விரல் பதினொன்றின் வரிசையில் இறங்குகிறது. "எத்தன நாளா?" "முப்பத்தாறு நாளும்." திட்டப் போகிறாள் என்று நிற்கிறேன். அவள் திட்டவில்லை, நோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. "ஏழு யாரு, சங்கரவடிவு. ஆறு அம்பதா?" என்கிறாள். "அவ ரூமுக்கு வந்து ராத்திரி பூரா அழுதா, அண்ணாச்சி. நாலு நிமிஷங்கூட முடியலன்னு. இப்ப மைதானத்துப் பக்கமே வாறதில்ல, மாடிப்படி ஏறதுக்கே பயப்படுதா." நோட்டை மூடவில்லை, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே என்னிடம் நீட்டுகிறாள். "நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" வெள்ளையின் கடைசி விசில் கேட்கிறது. தோல் ஷூவும் மேடத்தின் ஷூவும் புல்லைக் கடந்து எங்களை நோக்கி வருகின்றன. வருவது ஷூ இல்லை, ஆட்கள். நிமிர்கிறேன். "எண்ணுனது நான்மா" என்கிறேன். மேடம் சிரித்த முகமாக வருகிறார்கள். "சார், இவங்கதான் எங்க மார்க்கர் அண்ணாச்சி. ஒரு விநாடி பிசகாது. முடிஞ்சுதா அண்ணாச்சி?" பக்கத்தில் பதினொன்றின் மூச்சு, அது இன்னும் அடங்கவில்லை, அதைக் கேட்டுக்கொண்டே சொல்கிறேன், "அம்மா, சங்கரவடிவு நாலு நிமிஷம் ஓடிருக்கா. ஒவ்வொரு தடவையும் ஓடிருக்கா. அதுக்கு மேலயும் ஓடிருக்கா."